பெருமூளை வாதமும் ஏழ்மையும்: பிரேசில் குழந்தைகளின் உடல்நலம், இயக்க வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கான பிசியோதெரபிதான் என் வேலை. கை கால் வளர்ச்சி பற்றி எதைத் தேடிப் படித்தாலும் பிரேசில் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். படித்ததைச் சக தெரபிஸ்டுகளிடமும் பெற்றோரிடமும் சொன்னபோது வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், ஏனென்றால் அங்கே சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

பெருமூளை வாதம் என்றால் என்ன?

கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த முதல் சில மாதங்களிலோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஒரு காயம் ஏற்படுகிறது. அசைவையும் உடல் நிலையையும் நடத்துகிற பகுதி அதில் பாதிக்கப்படுகிறது. காயம் அதோடு நின்றுவிடும், நாளாக ஆகப் பரவாது. ஆனால் அந்தக் காயத்தோடு வளர்கிற உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். தசை இறுகும், எலும்பு வளைந்து வளரும், இடுப்பு மூட்டு விலகும். மூளையில் இருப்பதை மாற்ற முடியாவிட்டாலும், உடம்பில் பின்னால் நடப்பதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம்.

வசதியான நாடுகளில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 2 பேர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அண்மைக் கணக்குகளில் அது 1.6 வரை இறங்கியிருக்கிறது. வருமானம் குறைந்த நாடுகளில் விகிதமும் அதிகம், பாதிப்பின் கடுமையும் அதிகம். பிரேசிலில் பெற்றோரும் தெரபிஸ்டுகளும் இதை இரண்டே எழுத்தில் 'பே-சே' என்பார்கள், நாம் 'சி.பி.' என்பது போல.

இது தொற்றாது. யார் செய்த பாவமும் அல்ல. பிரேசிலிலும் தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனையோ நாடுகள் இருக்க, ஏன் பிரேசில்?

இரண்டு காரணம். ஒன்று, அங்கே வசதிக்கும் வறுமைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது, அதுவும் ஒரே நகரத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1 கோடியே 64 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 8.1 சதவீதம், ஃபவேலா எனப்படும் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலும் அவை போன்ற இடங்களிலும் வாழ்கிறார்கள். மூளையில் ஒரே மாதிரி காயம் உள்ள இரண்டு குழந்தைகள் ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் எப்படி வெவ்வேறாக வளர்கிறார்கள் என்பதை அங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

இன்னொன்று, அந்த நாடு இதை அளந்து பார்த்திருக்கிறது. தெற்கே பெலோட்டாஸ் என்ற நகரத்தில் 1982-ல் பிறந்த குழந்தைகளை, ஏறத்தாழ 5,900 பேரை, இன்று வரை பின்தொடர்கிறார்கள். அப்புறம் 1993, 2004, 2015 ஆண்டுகளில் பிறந்த மேலும் மூன்று குழுக்கள். ஏழைக் குழந்தை எப்படி வளர்கிறது என்பதை ஊகமாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்ல இப்படிப் பொறுமை வேண்டும்.

ஏழ்மையால் பெருமூளை வாதம் வருமா?

நேரடியாக வராது. ஆனால் காயத்துக்கான வழிகளை ஏழ்மை அகலமாகத் திறந்து வைக்கிறது. குறைப்பிரசவம் அதில் முக்கியமானது. 2011-12-ல் நாடு முழுக்க நடந்த பிரசவ ஆய்வில் பிரேசிலின் குறைப்பிரசவ விகிதம் 11.5 சதவீதம் என்று தெரிந்தது. பிரசவத்தில் மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலை, கருவில் தொற்று, பிறந்தபின் மூளைக்காய்ச்சல் என்று மற்ற வழிகளும் உண்டு.

அங்கே ஒரு சொல் புழங்குகிறது: 'பெரெக்ரினாசாவ்'. யாத்திரை என்று பொருள். வலி எடுத்த பெண் ஒரு மருத்துவமனைக்குப் போகிறாள், படுக்கை இல்லை என்கிறார்கள். இன்னொன்றுக்குப் போகிறாள், குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதி இல்லை என்கிறார்கள். மூன்றாவதில் சேர்வதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடுகிறது. இந்த அலைச்சலுக்குத்தான் யாத்திரை என்று பெயர். எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை முன்கூட்டியே அறியும் உரிமையைக் கர்ப்பிணிகளுக்குத் தரும் சட்டத்தை 2007-ல் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறக்கும்போது மூச்சு நின்ற குழந்தைக்கு ஒவ்வொரு நிமிடமும் மூளைதான் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏழை வீட்டுக் குழந்தை தாமதமாக உட்கார்ந்தால், நடந்தால், அது பெருமூளை வாதமா?

பெரும்பாலும் இல்லை. எல்லாரும் குழப்பிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தாமதம் வேறு, வாதம் வேறு. தாமதமான குழந்தை மற்றக் குழந்தைகள் போகும் பாதையிலேயே பின்னால் வருகிறது. அசைவின் தரம் சரியாக இருக்கும், காலம்தான் நீளும். தரையில் விளையாட இடம் இல்லை, எப்போதும் மடியில் அல்லது தொட்டிலில், இரும்புச்சத்து குறைவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை என்பவையே போதும் தாமதத்துக்கு. இதைச் சரிசெய்யலாம். சில வாரங்கள் சரியாகக் கவனித்தாலே குழந்தை தாவிப் பிடித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாதத்தில் பாதையே மாறும். நான்கு மாதத்துக்குப் பிறகும் கை முஷ்டியாகவே மூடியிருப்பது, தூக்கும்போது தலை பின்னால் தொங்குவது, ஆறு மாதத்துக்கு மேல் கால்கள் விறைப்பது, ஒன்பது மாதம் ஆகியும் பிடிக்காமல் உட்காராதது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டி மற்றதை ஒதுக்குவது. கடைசி அறிகுறியைப் பல வீடுகளில் "இடது கைக்காரன் ஆகப்போகிறான்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் வரக்கூடாது. வந்தால் காட்ட வேண்டும்.

இவை ஒரே வீட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகவும் ஏறிக்கொள்ளும். பெலோ ஓரிசோன்ச்சி நகரத்தில் மரிசா மான்சினியும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தொட்டது. குறைப்பிரசவத்தில் பிறந்தவர்கள், நிறைமாதத்தில் பிறந்தவர்கள், வசதியுள்ள வீடு, இல்லாத வீடு என்று ஒப்பிட்டார்கள். குறைப்பிரசவம் குழந்தையின் அன்றாடச் செயல்களில் விட்டுச்செல்லும் தாக்கம், வீட்டின் சமூக நிலையைப் பொறுத்து மாறுகிறது என்பது அதன் சாரம். உடம்பில் உள்ள ஆபத்து எல்லாக் குழந்தைக்கும் ஒரே எடையில் விழுவதில்லை. வறுமை இருக்கும் வீட்டில் அது கூடுதல் பாரமாக விழுகிறது.

எனவே "ஏழைக் குழந்தைதானே, மெதுவாகத்தான் நடக்கும்" என்று சொல்லி வாதத்தைத் தவறவிடுவதும் தப்பு, தாமதமாக நடந்த ஏழைக் குழந்தைக்கு மூளைக் குறைபாடு என்று பட்டம் கட்டுவதும் தப்பு.

எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வருகை என்று பருவம் பிரித்த நமக்கு இது புதிதல்ல. இன்றைய அளவுகோலுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்த எல்லைகளைப் பாருங்கள்: பிடிக்காமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தவழ்வது 5.2 முதல் 13.5, தனியாக நடப்பது 8.2 முதல் 17.6. எவ்வளவு அகலமான எல்லை என்று கவனியுங்கள். அந்த ஆய்வில் 4.3 சதவீதம் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை, ஆனாலும் ஆரோக்கியமாகத்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயம்: அந்த நிறுவனத்தின் வளர்ச்சி ஆய்வில் எடை, உயரக் கணக்குக்குப் பெலோட்டாஸ் நகரமும் ஒரு மையமாக இருந்தது. ஆனால் இயக்க வளர்ச்சிப் பகுதி கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் மட்டுமே நடந்தது. பிரேசில் தன் குழந்தைகளுக்கான அளவுகோலைத் தானே தேட வேண்டியிருந்தது.

பிரேசில் குழந்தைகள் அந்த அளவுகோலில் பின்தங்கியவர்களா?

ஆல்பர்ட்டா என்ற கனடா மாகாணத்தில் உருவான அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. குழந்தை குப்புற, மல்லாக்க, உட்கார்ந்து, நின்று செய்யும் 58 அசைவுகளைப் பார்த்து மதிப்பெண் போடுவது. போர்ட்டோ அலெக்ரியில் நாடியா வாலென்டினியும் ராக்கெல் சக்கானியும் இதைப் பிரேசில் குழந்தைகளிடம் சோதித்தபோது, பெரும்பாலான மாதங்களில் கனடா குழந்தைகளைவிடக் குறைவான மதிப்பெண் வந்தது.

அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. கனடாவுக்கு வரைந்த வளர்ச்சிக் கோடுகளை வைத்துப் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான பிரேசில் குழந்தைகூடப் 'பின்தங்கியது' ஆகிவிடும் என்பதால், பிரேசில் குழந்தைகளுக்கென்று தனிக் கோடுகளை வரைந்தார்கள். குழந்தையை எப்போது தரையில் விடுவது, எவ்வளவு நேரம் இடுப்பில் வைத்திருப்பது எல்லாம் ஊருக்கு ஊர் வேறு. நம்மிடமும் இந்த வேலை இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வீட்டில் என்ன இருந்தால் குழந்தையின் கை கால் நன்றாக வளரும்?

வீட்டையே அளக்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. குழந்தை ஓடியாட வெளியிடம் உண்டா, தரை ஒரே மாதிரியா வெவ்வேறா, பிடித்து ஏற ஏதாவது உண்டா, அடுக்க, திருக, நுழைக்க என்னென்ன பொம்மை, எவ்வளவு நேரம் சுதந்திரமாக விடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகும். பிரேசில் ஆய்வாளர்கள் இதை உருவாக்குவதிலேயே பங்கெடுத்தவர்கள். வருமானம் குறைந்த வீடுகளில் பெரும்பாலும் எது குறைகிறது தெரியுமா? நுண்ணசைவுக்கான பொருட்கள், விரல்களுக்கான வேலை.

இதற்குப் பொம்மைக்கடை தேவையில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, துணி கிளிப், பெரிய கொட்டைகள் போட்டு இறுக்கி மூடிய பாட்டில், அட்டைப்பெட்டி போதும். அங்கே தெரபிஸ்டுகள் பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் இரண்டு காலிலும் துணி திணித்துத் தைத்துவிடுகிறார்கள். அதைக் குதிரைலாட வடிவத்தில் தரையில் வைத்து நடுவில் குழந்தையை உட்கார வைத்தால், இரண்டு பக்கமும் முதுகும் தாங்கும், கைகள் விளையாட விடுபடும். பி.வி.சி. குழாயில் நாற்காலியும் செய்கிறார்கள்.

முதலில் கண்டுபிடிப்பது யார்?

பல இடங்களில் டாக்டருக்கு முன்பே சமூக சுகாதாரப் பணியாளர். 1980-களின் கடைசியில் வறண்ட செயாரா மாநிலத்தில் தொடங்கி, 1991-ல் நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. அந்தத் தெருவிலேயே வசிப்பவர்தான் பணியாளர். ஒருவருக்கு அதிகபட்சம் 750 பேர். இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார், திண்ணையில் உட்கார்ந்து பேசுவார், குழந்தையின் கையேட்டை எடுக்கச் சொல்வார்.

அந்தக் கையேடு பிரேசிலில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு. தடுப்பூசி, எடை வளைவு எல்லாவற்றோடும் வளர்ச்சிப் படிகளுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி போட வேண்டும்: படி வந்துவிட்டது, வரவில்லை, பார்க்கவில்லை என்று மூன்றில் ஒன்று. மூன்றாவது குறியை எனக்கு மிகவும் பிடிக்கும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாமல் இருக்க அது ஒரு வழி. ஆனால் அந்தப் பக்கத்தையே நிரப்பாமல் விட்ட கையேடுகள் நிறைய என்று அங்குள்ள ஆய்வுகளே சொல்கின்றன. எடை வளைவைப் புள்ளி வைத்து வரைகிற அக்கறை இந்தப் பக்கத்துக்கு வருவதில்லை.

இன்று ஆறு மாதத்துக்குள்ளேயே பெருமூளை வாதத்தை இனம் காண முடியும். மூன்று மாதக் குழந்தை மல்லாக்கப் படுத்திருக்கும்போது கை, கால், கழுத்து எங்கும் சின்னச் சின்னத் துடிப்பான அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை இல்லாவிட்டால் எச்சரிக்கை. சில நிமிட வீடியோ போதும், ஆனால் அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். பெரிய மருத்துவமனை இல்லாத ஊரில் அந்தக் கண் கிடைப்பது கடினம், ஆறு மாதத்தில் தெரிய வேண்டியது இரண்டு வயதில் தெரிகிறது.

ஒன்று முதல் ஐந்து வரை நிலை என்கிறார்களே, அது என்ன?

பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் இயக்கத் திறனை ஐந்தாகப் பிரிக்கும், கனடாவில் 1997-ல் வந்த வகைப்பாடு, பிரேசில் போர்த்துகீசிய மொழியிலும் உண்டு. முதல் நிலைக் குழந்தை தானே நடக்கும், ஓடும், கொஞ்சம் தடுமாறும். மூன்றாம் நிலையில் கையில் பிடித்து நடக்கும் கருவி வேண்டும். ஐந்தாம் நிலையில் தலை நிற்பதே சிரமம், எங்கும் சக்கர நாற்காலியில் அழைத்துப்போக வேண்டும். குழந்தை எட்டக்கூடிய இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 சதவீதம், முதல் நிலையில் ஐந்து வயதை ஒட்டியும், ஐந்தாம் நிலையில் மூன்று வயதுக்குள்ளும் வந்துவிடுகிறது. வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தக் குறுகிய காலத்திலிருந்துதான் கழிகிறது.

சிகிச்சை எல்லாம் இலவசமா?

சட்டப்படி ஆமாம். 1988 அரசியலமைப்பு, உடல்நலம் எல்லாருடைய உரிமை, அரசின் கடமை என்று எழுதிவைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சுஸ்' எனப்படும் பொது மருத்துவ அமைப்பு. நான்கில் மூன்று பேருக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. பிசியோதெரபி, இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி, அறுவை சிகிச்சை, சக்கர நாற்காலி எல்லாம் அதில் உண்டு. 2011-க்குப் பிறகு சிறப்பு மறுவாழ்வு மையங்கள் பெருகின. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சிகிச்சைக்குப் போனால் பயணச் செலவு தரும் விதியும் உண்டு.

இதற்கு முன்பிருந்தே 1950-ல் சாவ் பாவ்லோவில் தொடங்கிய ஏ.ஏ.சி.டி. போன்ற தொண்டு நிறுவனங்கள் இயங்குகின்றன. 1980-ல் பிரேசிலியாவில் திறந்த சாரா மறுவாழ்வு மருத்துவமனை இன்று பல நகரங்களில் கிளை விட்டிருக்கிறது. எங்கும் பணம் வாங்குவதில்லை. அதன் பல கட்டடங்களைக் கட்டிய ஜுவாவ் ஃபில்கெய்ராஸ் லிமா காற்றும் வெயிலும் உள்ளே வரும்படி கூரையை அமைத்தார். நோயாளியைக் கட்டிலோடு தோட்டத்துக்கு உருட்டிப்போகலாம்.

நடைமுறையில் சிக்கல் வரிசைதான். அங்கே 'ஃபீலா' என்பார்கள். இடுப்பளவு பார்த்து விண்ணப்பித்த நாற்காலி வந்து சேரும்போது குழந்தை வளர்ந்துவிட்டிருக்கும். அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் முதுகு வளையும். தாமதமாக வந்த நாற்காலி சில சமயம் வராததைவிட மோசம். வாரம் இரண்டு முறை தெரபி என்று எழுதியிருக்கும், பஸ்ஸில் ஏற்றப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை, இருபது கிலோவுக்கு மேல், கால்கள் கத்தரிபோல் பின்னியிருக்கின்றன. மேட்டில் இருக்கும் ஃபவேலாவில் நூறு படிக்கட்டு சாதாரணம். மழை பெய்தால் அன்று தெரபி இல்லை. கோப்பில் "வரவில்லை" என்று மட்டும் இருக்கும்.

அரசு பணமாக ஏதாவது தருகிறதா?

ஆமாம். 'பே-பே-சே' என்று சுருக்கிச் சொல்லும் தொடர் உதவித்தொகை முக்கியமானது. 1993 சட்டத்தில் பிறந்து 1996-லிருந்து கொடுக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டில் ஆளுக்கு மாத வருமானம் குறைந்தபட்ச ஊதியத்தில் கால் பங்குக்கு மேல் போகாவிட்டால், முழுக் குறைந்தபட்ச ஊதியம் ஒன்றை மாதாமாதம் தருகிறார்கள். 2025-ல் அது 1,518 ரெயால், நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பெரிய தொகைதான். டயப்பரும் வலிப்பு மாத்திரையும் பாலும் அதிலிருந்துதான்.

ஆனால் அந்தக் கால் பங்கு வரம்பு ஒரு பொறி. தாய் ஒரு சம்பளத்துக்குப் போனால் வருமானம் கோட்டைத் தாண்டும், உதவி நிற்கும். அதனால் பதிவில் வராத கூலி வேலை, அல்லது வேலையே இல்லை. குழந்தையின் இயலாமைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வறுமையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விதி.

2003-ல் தொடங்கிய போல்சா ஃபமிலியா பொதுவாக ஏழைக் குடும்பங்களுக்கானது. தடுப்பூசி போட வேண்டும், எடை பார்க்க வேண்டும், பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு பணம். 2023-லிருந்து ஏழு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 150 ரெயால் கூடுதல். இத்திட்டம் நன்கு பரவிய ஊர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. சத்துக்குறைவால் நேர்ந்த இறப்புகள் அதைவிட அதிகமாகக் குறைந்தன.

ஸீக்கா வைரஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

2015-ன் பிற்பகுதியில் ரெசிஃபி நகரத்து நரம்பியல் மருத்துவர்கள் தலை சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளை ஒரே நாளில் பல பேராகப் பார்க்கத் தொடங்கினார்கள். கம்பினா கிராண்டியில் அட்ரியானா மெலோ என்ற மருத்துவர் கர்ப்பிணிகளின் பனிக்குட நீரைச் சோதனைக்கு அனுப்பினார், அதில் கொசு பரப்பும் ஸீக்கா வைரஸ் இருந்தது. நவம்பரில் பிரேசில் சுகாதார அவசரநிலை அறிவித்தது, 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிறவி ஸீக்கா பாதிப்பு உறுதியானது, பெரும்பாலானவர்கள் வடகிழக்கு மாநிலங்களில்.

கொசு பணக்காரர் ஏழை பார்க்காது என்பார்கள். பார்க்கும். குழாயில் தினமும் தண்ணீர் வராத வீட்டில்தான் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள், ஏடிஸ் கொசு அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். பாதிக்கப்பட்ட தாய்மார்களில் மிகப் பலர் ஏழைகள், கறுப்பினத்தவர் அல்லது கலப்பினத்தவர்.

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு நான்கு கை கால்களும் இறுகிய, ஐந்தாம் நிலைப் பெருமூளை வாதம். கூடவே வலிப்பு, பார்வைக் குறை, விழுங்குவதில் சிரமம். கேமராக்கள் போன பிறகு அவர்கள் வளர்ந்து பத்து வயதாகிறார்கள். 2020-ல் வந்த சட்டம் வாழ்நாள் முழுக்கக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான ஓய்வூதியம் தந்தது. தாய்மார்கள் சங்கங்கள் பல வருடம் போராடிய பிறகு, 2025-ல் ஒருமுறை இழப்பீடாக 50,000 ரெயாலும், சமூகக் காப்பீட்டின் உச்சவரம்பு அளவுக்கு மாத ஓய்வூதியமும் தரும் சட்டம் வந்தது. இது வேறு காரணத்தால் பெருமூளை வாதம் வந்த குழந்தைகளுக்குக் கிடையாது.

கை கால் தவிர வேறு என்ன உடல்நலச் சிக்கல்கள்?

சாப்பாடு முதலில். கடுமையான வாதம் உள்ள குழந்தைக்கு ஒரு வேளை உணவூட்ட ஒரு மணி நேரம் ஆகலாம். அங்கே பீன்ஸும் சோறும் குழைத்து ஊட்டுவது வழக்கம். குழந்தையைப் படுக்க வைத்து, தலையை அண்ணாந்து பிடித்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகும். இருமல் வரும், சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலில் இறங்கிவிடும். அடிக்கடி நிமோனியா வரும் குழந்தையிடம் முதலில் கேட்க வேண்டியது எப்படி ஊட்டுகிறீர்கள் என்பதுதான். இடுப்பை மடக்கி நிமிர்ந்து உட்காரவைத்து, பாதத்துக்கு அடியில் ஒரு பெட்டி வைத்து, மோவாய் சற்றுக் கீழே இருக்க, கரண்டியை முகத்துக்கு நேராக, கீழிருந்து கொண்டுவர வேண்டும். ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. இந்தச் சின்ன மாற்றத்தால் எடை ஏறிய குழந்தைகள் உண்டு. அதுவும் போதாதபோது வயிற்றில் நேரடிக் குழாய் வைப்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் இடுப்பு. ஐந்தாம் நிலைக் குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு இடுப்பு மூட்டு நகரும், முதல் நிலையில் அது இல்லை என்றே சொல்லலாம். முதலில் வலிக்காது, அதனால் எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு எக்ஸ்ரே, அவ்வளவுதான் தேவை. வலிப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை, பல் சொத்தை எல்லாமும் உண்டு. மலச்சிக்கலால் இரவெல்லாம் அழும் குழந்தையை இறுக்கத்தால் அழுவதாக நினைத்து மருந்தைக் கூட்டுவது உலகமெங்கும் நடக்கிறது.

எந்தச் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறது?

குழந்தை தானே செய்வது. தெரபிஸ்ட் கை காலை மடக்கி நீட்டுவதால் மட்டும் மூளை எதையும் கற்பதில்லை. டம்ளரைப் பிடித்துக் குடிக்க வேண்டும் என்பது இலக்கு என்றால் டம்ளரைப் பிடித்துத்தான் பழக வேண்டும், பல முறை, தன் வீட்டில். ஒரு பக்கம் வாதம் உள்ள குழந்தைக்கு நல்ல கையைச் சில மணி நேரம் கட்டிவைத்து மற்றக் கையை விளையாட விடும் முறைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

சாரா மருத்துவமனையில் 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில் தலைக்காயம் பட்ட 87 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிபுணர்கள் நேரடிப் பயிற்சி, மற்றதில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வந்தது பெற்றோர் குழுவில். தலைக்காயமும் பெருமூளை வாதமும் ஒன்றல்ல. ஆனாலும் பள்ளிப்படிப்பு குறைந்த பெற்றோராலும் இதைச் செய்ய முடிந்தது என்பது எனக்கு முக்கியம். நூறு படிக்கட்டு இறங்க முடியாத வீட்டுக்கு இதுதான் வழி.

அப்படியென்றால் எல்லாச் சுமையும் தாய் தலையிலா?

அந்த ஆபத்து நிஜம். வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாள் நிறையப் பயிற்சி எழுதிக் கொடுப்பது சுலபம். ஊட்டி, மாற்றி, வரிசையில் நின்று, மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வந்தவளுக்கு அது இன்னொரு குற்ற உணர்ச்சி ஆகிவிடும். குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, ஊட்டும்போது செய்ய முடிகிற இரண்டு விஷயம் சொன்னால் போதும் என்பது என் பழக்கம்.

ஸீக்காவுக்குப் பிறகு ரியோவிலும் சல்வடோரிலும் தாய்மார்களுக்கான குழுப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். பெயர் 'ஜுன்டோஸ்', சேர்ந்து என்று பொருள். பாடம் நடத்துபவர்களில் ஒருவர் தெரபிஸ்ட், இன்னொருவர் அதே பாதிப்புள்ள குழந்தையின் தாய். வங்கதேசத்தில் பெருமூளை வாதக் குழந்தைகளின் பெற்றோருக்காக எழுதிய கையேட்டின் வழியில் வந்தது.

பிரேசில் குழந்தைகளுக்கு இந்திய மசாஜ் செய்கிறார்கள் என்கிறார்களே?

'ஷான்டாலா' என்று பெயர். கொல்கத்தாவில் தெருவோரம் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர், அவள் பெயரிலேயே அதை மேற்கே கொண்டுபோனார். பிரேசிலில் நன்றாகப் பரவி, 2017-ல் பொது மருத்துவ அமைப்பின் துணைமுறைகளில் ஒன்றாகவே சேர்ந்தது. நம் பாட்டிமார் காலை நீட்டிப் போட்டுத் தேய்த்துவிடுவதுதான். குழந்தை அமைதியாகும், தூங்கும், தாயோடு நெருக்கம் கூடும். வாதத்தைக் குணமாக்காது.

பள்ளிக்குப் போக முடியுமா?

2015 சட்டப்படி எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ கூடாது, தனியார் பள்ளியும் சேர்த்து. சாய்தளமும் உதவியாளரும் எல்லா இடத்திலும் வந்துவிடவில்லை.

வளர்ந்த பிறகு?

நடக்கும் பிள்ளைகள் பதின்ம வயதில் களைத்து நடையைக் குறைத்துக்கொள்வது உண்டு. குழந்தைகளுக்கான மையம் வயது முடிந்ததும் பெயரை நீக்கிவிடும், பெரியவர்களுக்கான மையம் அருகில் இருக்காது. இந்த இடைவெளியைப் பற்றி அங்கே இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

விளையாட்டு சிலருக்குக் கதவு திறந்திருக்கிறது. போச்சா என்று ஒன்று: வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டு, சிவப்பு, நீலப் பந்துகளை அதற்கு யார் நெருக்கமாகக் கொண்டுபோவது என்ற போட்டி. கடுமையான பெருமூளை வாதம் உள்ளவர்களும் ஆட முடிகிற பாராலிம்பிக் விளையாட்டு. மாசியெல் சான்டோஸ் 2012 லண்டனில் தங்கம் வாங்கினார். 2016 ரியோவில் இன்னொரு பிரிவின் இணையர் போட்டியிலும் தங்கம் பிரேசிலுக்கு வந்தது. அந்தப் பிரிவில் ஆடுபவர்களால் பந்தைப் பிடித்து எறிய முடியாது. ஒரு சரிவுப் பலகை இருக்கும், உதவியாளர் அதைப் பிடித்துக்கொள்வார். பலர் வீட்டில் தாயோ தகப்பனோ அண்ணனோதான் அந்த உதவியாளர். விதி என்னவென்றால் அவர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இடதுபக்கம் கொஞ்சம், மேலே கொஞ்சம், போதும் என்று ஆடுபவர் கண்ணாலும் தலையாலும் சொல்ல, அவர் பலகையை நகர்த்துவார். பிறகு நெற்றியில் கட்டிய கோலால் ஒரு தள்ளு. பந்து எங்கே போய் நின்றது என்று களத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.